வேன்ஹோர்னின் நீர்வளம்

பேரின்பநாதன் மொன்றியல் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்குக் கிடங்கில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை செய்கிறார். கொள்கலனைத் திறக்கும்போது உள்ளே இருப்பதும் தாளில் எழுதியிருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது அவர் வேலை. தாளில் தரை ஓடு என்றிருந்து உள்ளே குளியல் தொட்டி இருந்தால் ஒரு பெட்டியைக்கூட இறக்க விடமாட்டார். மேலாளர் கத்தினாலும் அசையமாட்டார்.

சனி, ஞாயிறுகளில் அவர் கல்வெட்டு எழுதுவார். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளில் வீட்டார் அச்சிட்டுக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை யாழ்ப்பாணத்தார் அப்படித்தான் சொல்வார்கள். முதலில் விநாயகர் துதி, அடுத்தது ஊரின் வரலாறு, பிறகு பிறப்பு, படிப்பு, தொழில், கடைசியில் இன்னாரின் கணவர், இன்னாரின் மைத்துனர் என்று உறவுகளின் வரிசை. ஊர் வரலாற்றின் முதல் வரியை அவர் ஒருமுறைதான் எழுதினார்: "நீர்வளமும் நிலவளமும் ஒருங்கே அமையப்பெற்ற." அதன்பின் ஊரின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார். ஆறு என்று சொல்ல ஒன்றில்லாத குடாநாட்டில் அவர் நீர்வளம் கொடுக்காத ஊர் கிடையாது. எல்லா ஊருக்கும் பொருந்துகிற புகழ் எந்த ஊரையும் தொடுவதில்லை. ஆனாலும் அதைப் பொய் என்று தள்ளிவிடத் தயக்கமாக இருக்கிறது. உப்புக் கிணற்றைத் தெரிந்தவன் எழுதும்போது அது கொஞ்சம் வேண்டுதலாகவும் ஆகிவிடுகிறது.

சென்ற மார்ச் மாதத்தில் ஜெயனி அவரைத் தேடி வந்தார். நகரின் லாசால் பகுதியில் ஒரு தொடர்மாடியில் இருப்பவர். கணவர் ஜெராட் இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஜெராட் ஒல்லாந்துக்காரர். வேன்ஹோர்ன் என்ற ஏரிக்கரைக் கிராமத்தில் பிறந்து, மொன்றியலுக்கு வந்து படகு இயந்திரங்கள் திருத்தியவர். இருபத்திரண்டு வருட மணவாழ்க்கை. அவ்வளவு காலமும் ஜெயனியின் மூத்த அண்ணன் கிருபானந்தன் அவர்கள் வீட்டுப் படி ஏறவில்லை. "ஊர் பேர் தெரியாதவன்" என்று ஒருமுறை சொன்னார். பிறகு அதையும் சொல்லவில்லை.

"முப்பத்தொண்டுக்குப் பெரியண்ணை வாறாராம், அண்ணி சொன்னவ" என்றார் ஜெயனி. "அவர் கையில குடுக்க எனக்கு ஒரு கல்வெட்டு வேணும் அண்ணை. என்ர மனுசனுக்கும் ஒரு ஊர் இருந்தது எண்டு அதில இருக்கவேணும்."

பேரின்பநாதன் தலையை ஆட்டினார். பத்து வருடங்களுக்கு முன் ஜெயனியின் தாய்க்குக் கல்வெட்டு எழுதியவரும் அவர்தான். அதில் மருமக்கள் வரிசையில் ஜெராட்டின் பெயர் இல்லை. "வேண்டாம், விடுங்கோ" என்று கிருபானந்தன் சொன்னார், பேரின்பநாதனும் விட்டுவிட்டார். ஜெயனி இப்போது அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உறவு வரிசைக்கு வந்தபோது மட்டும், "பெரியண்ணையின்ர பேரைப் போடாதேங்கோ. போட்டால் கோவிப்பார்" என்றார்.

ஒரு வாரத்தில் எழுதி முடித்து, பக்கங்களை எடுத்துக்கொண்டு லாசாலுக்குப் போனார். சாப்பாட்டு மேசையில் ஜெயனியின் மகள் நிருஷா தொலைபேசியை நிமிர்த்தி வைத்திருந்தாள். திரையில் ஜெராட்டின் அக்கா, எழுபது வயதுக்காரி, அடுத்த வாரம் விமானம் ஏற இருப்பவர். தம்பியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டார். நிருஷா வாசித்து ஆங்கிலத்தில் சொன்னாள்: "நீர்வளமும் நிலவளமும் ஒருங்கே அமையப்பெற்ற வேன்ஹோர்ன்..."

அந்தக் கிழவி சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்குமளவுக்குச் சிரித்தார்.

"என்னவாம்?" என்றார் பேரின்பநாதன்.

"அங்கிள், கள்ளனை விருந்தாளி எண்டு எழுதியிருக்கிறியளாம்."

பிறகு கிழவி ஊரின் கதையைச் சொன்னார். நிருஷா சொல்லச் சொல்ல பேரின்பநாதன் குறித்துக்கொண்டார். அங்கே ஆதியில் ஏரி இல்லை. புல்லும் வேரும் மட்கி இறுகிய கருமண் நிலம். வெட்டிக் காயவைத்தால் விறகுபோல எரியும். ஊரார் தங்கள் காலடி நிலத்தையே நீள நீளமாக வெட்டி நகரங்களுக்கு விற்றார்கள். பள்ளங்களில் தண்ணீர் நின்றது. நடுவே விட்ட வரப்புகளை ஒவ்வொரு புயலும் தின்றது. இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஒரு நவம்பரில் மிச்சமும் உடைந்து, வீடுகளும் தேவாலயமும் போயின. தப்பியவர்கள் பின்வாங்கி, அணை கட்டி, அதே பெயரில் மறுபடி ஊர் வைத்தார்கள். ஜெராட்டின் தகப்பன் புயல் நாட்களில் அந்த அணையில் நடந்து காவல் பார்த்தவர். இப்போது ஏரியில் பாய்ப்படகு விடக் கோடையில் சனம் வருகிறதாம்.

"தேவாலயம் எந்தப் பக்கம்? கரையிலிருந்து எவ்வளவு தூரம்?" கிடங்கில் கேட்பதுபோலவே கேட்டார்.

ஜெயனிக்கு முகம் மாறிவிட்டது. "உதை எழுதாதேங்கோ அண்ணை. தாங்களே தோண்டித் தாங்களே தண்ணிக்குள்ள தாண்ட ஊர் எண்டால், பெரியண்ணைக்குச் சிரிக்க இன்னொண்டு. பழைய மாதிரியே இருக்கட்டும். எல்லாருக்கும் அப்பிடித்தானே எழுதுறனீங்கள்?"

அவர் சொன்னது நியாயம். கல்வெட்டில் ஊரின் குறையை யாரும் எழுதுவதில்லை. பேரின்பநாதன் பக்கங்களை ஒழுங்காக அடுக்கினார்.

"பிள்ளை, தாளில ஒண்டு, பெட்டிக்குள்ள வேறொண்டு எண்டால் நான் சாமான் இறக்க விடுறேல்லை. அம்மாவின்ர கல்வெட்டில விட்டிட்டன். இதிலயும் விடச் சொல்லாதேங்கோ."

ஜெயனி கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு, "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றார். அதைச் சம்மதமாக அவர் எடுத்துக்கொண்டார்.

முப்பத்தோராம் நாள் நகரின் அஹுன்ட்சிக் பகுதியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கிருபானந்தன் மனைவியோடு வந்து கடைசி வரிசையில் இருந்தார். புத்தகத்தைத் திறந்து, எல்லோரையும்போல ஊர் வரலாற்றிலிருந்து தொடங்கினார். ஜெயனி முன்வரிசையிலிருந்து திரும்பாமல் இருக்கப் பாடுபட்டார்.

"வேன்ஹோர்ன் நீரால் அழிந்த ஊர்" என்று அது தொடங்கியது. அழகான வரி இல்லை. பேரின்பநாதனுக்கு அழகாக எழுத வராது. ஆனால் அந்த ஊரைத் தவிர வேறெந்த ஊருக்கும் அதைப் போடமுடியாது.

கிருபானந்தன் சிரிக்கவில்லை. அவருடைய ஊர் தொண்ணூறாம் ஆண்டு இராணுவத்தின் கம்பி வேலிக்குள் போனது. பாதியை விட்டிருக்கிறார்கள், அவர் வீடு இருந்த பாதியை இன்னும் விடவில்லை. தாயின் கல்வெட்டில் அந்த ஊரும் நீர்வளமும் நிலவளமுமாகத்தான் இருந்தது. வேலியைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

சாப்பாட்டு நேரத்தில் அவர் எழுந்து ஜெராட்டின் அக்காவிடம் போனார். பக்கத்தில் நின்ற நிருஷாவிடம், "கேள் பிள்ளை, அந்தக் கோயில் இப்பவும் தண்ணிக்குள்ளயோ?" என்றார்.

தண்ணீர் வற்றும்போது துடுப்பால் தட்டினால் கல் படும் என்றார் கிழவி.

"ஓம்" என்றார் கிருபானந்தன். "எங்கட பிள்ளையாரும் வேலிக்கு வெளியில நிண்டு பாத்தால் தெரிவார்."

பிறகு பேரின்பநாதனைத் தேடி வந்தார். கடைசிப் பக்கம் விரிந்திருந்தது.

"பேரின்பம், மைத்துனர்மாரில என்ர பேர் எங்க?"

"ஜெயனி போடவேண்டாம் எண்டவ. நீங்கள் கோவிப்பியள் எண்டு."

"நீர் கேட்டிருக்கலாமே?"

"அம்மாவின்ரயில ஜெயனியை நான் கேக்கேல்லை, அண்ணை."

கிருபானந்தன் கையை நீட்டினார். "பேனை வைச்சிருக்கிறீரோ?"

மேசை ஓரத்தில் புத்தகத்தை வைத்து, மைத்துனர் வரிசையின் மேலே தன் பெயரை முழுதாக எழுதினார். மண்டபத்தில் இருநூறு பிரதிகள் இருந்தன. அவர் எழுதியது ஒன்றில்தான். ஜெயனியிடம் போய் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மை காயும்வரை ஊதி, அந்தப் பிரதியைக் கொண்டுபோய் ஜெராட்டின் அக்காவின் கையில் கொடுத்தார். தமிழ் தெரியாத அந்தக் கிழவி அவர் விரல் காட்டிய இடத்தைப் பார்த்துவிட்டு, புத்தகத்தைக் கைப்பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்து மூடினார்.

ஜெயனி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த பாயசக் கிண்ணத்தை நிருஷாவிடம் நீட்டி, "பெரிய மாமாவுக்குக் கொண்டுபோய்க் குடு" என்றார்.