சம்பள ஞாயிற்றில் எண்ணிய மூட்டைகள்

சேர்மனின் மூக்கை நான் கணக்குப் புத்தகத்தால் உடைத்தேன் என்று ஊரில் சொல்வார்கள். உண்மைதான். அதற்கு ஒரு வருடம் முன்னால் உட்கார்ந்த இடத்திலிருந்தே நான் ஒரு கையை உடைத்ததை யாரும் சொல்வதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், மலைநாட்டுப் பட்டினசபை ஒன்றில் கணக்கு எழுதும் கிளார்க்காக இருந்தேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்து அந்த நாற்காலிக்கு வந்தவன் என்ற திமிர் வேறு. அந்த வருடம் வரவுசெலவுத் திட்டத்தில் துண்டு விழுந்தது. கடைத்தெருவுக்கு மின்விளக்கு போட்டே தீரவேண்டும் என்று சேர்மன் ஒற்றைக்காலில் நின்றார். வரவுக்கு எங்கே போவது? சந்தையைத்தான் பிடித்தேன்.

ஞாயிற்றுச் சந்தையைச் சபை ஆண்டுக் குத்தகைக்கு விடும். எடுத்தவர் மூட்டைக்கு இவ்வளவு என்று சுங்கம் வாங்கிக்கொள்ளலாம். ஒரு ஞாயிறு நானே வாசலில் நின்று மூட்டைகளை எண்ணினேன். அதை ஐம்பத்திரண்டால் பெருக்கி, குத்தகையின் குறைந்தபட்சத் தொகையை ஏற்றிப் போட்டேன். திட்டம் சரிக்கட்டியது. "கெட்டிக்காரன்யா நீ!" என்று சேர்மன் முதுகில் தட்டினார்.

நான் எண்ணியது தோட்டங்களில் சம்பளம் போட்ட மறுநாள். மாதத்தில் அந்த ஒரு ஞாயிறுதான் சந்தை பொங்கி வழியும். மற்ற ஞாயிறுகளில் ஈ ஓட்டவேண்டியதுதான். லயத்துக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி எனக்கு உறைக்கவில்லை. அறிவுகெட்டவன்!

குத்தகைக்காரர் சில மாதங்களிலேயே நட்டத்தில் மூழ்கினார். தடியோடு நாலு பேரை வாசலில் நிறுத்தினார். அவர்கள் மூட்டையைக் கிழித்து, உள்ளே இருப்பதை மூன்று கட்டாகப் போட்டு, "மூணு மூட்டை, மூணு சுங்கம்" என்றார்கள். மறுத்தவர்களுக்கு அடி. ஒரு கிழவருக்கு இரண்டு பல் போயிற்று.

டயகமப் பக்கத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கத்தியால் கவ்வாத்து வெட்டுகிற என் அண்ணன், லயத்துக்குப் பின்னால் பயிரிட்ட லீக்ஸ் காய்கறியைச் சுமந்து வந்தார். "ஒரு மூட்டைக்கு ஒரு சுங்கந்தானே? என் தம்பி சபையிலதான் இருக்கான், கேட்டுப் பாருங்க" என்றாராம். அவர் வலது கையைத் தரையில் அழுத்திப் பிடித்து தராசின் இரும்புப் படிக்கல்லால் அடித்தார்கள்.

செய்தி கேட்டு ஓடினேன். ஒருவனின் தடியைப் பிடுங்கி அவன் முழங்காலிலேயே போட்டேன். குத்தகைக்காரரின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினேன். அந்த மனிதர் அழுதுவிட்டார்.

"என்னய ஏன்யா அடிக்கிறீங்க? பொண்டாட்டி தாலிய அடகு வச்சுக் கட்டுனேன். இந்தத் தொகைய எழுதுனது யாரு?"

என் கை தானாக விட்டது.

ஆஸ்பத்திரியில் அண்ணன் கேட்டது ஒன்றுதான். "கத்தி பிடிக்க முடியாட்டிப் பேர வெட்டிருவாங்கடா. காம்பராவும் போயிரும். கை கூடிருமா?"

கூடவில்லை. தோட்டத்தில் பேர் வெட்டி வேலையை விட்டு நிறுத்தினார்கள், காம்பரா என்ற லயத்து அறையும் போயிற்று. ஊருக்கு வெளியே ஒரு குடிசையில் என்னோடு வந்து சேர்ந்தார்.

அடுத்த ஆண்டுத் திட்டத்தில் குத்தகையைப் பழைய தொகைக்கே இறக்கி, விளக்குச் செலவை வெட்டினேன். சேர்மன் தாளைக் கசக்கி என் முகத்தில் எறிந்தார். "கூட்டிப் போடுய்யா! அடி வாங்குறது அவனுங்க தலையெழுத்து." கையில் இருந்த கனத்த புத்தகத்தால் ஓங்கி அடித்தேன். மேசையெல்லாம் ரத்தம். வேலை போயிற்று. எனக்குப் பின் வந்தவர் கூட்டித்தான் போட்டார்.

குடிசையைச் சுற்றி லீக்ஸ் போட்டோம். முதல் மூட்டையை நான் சுமக்க, அண்ணன் கூடவே நடந்தார். சந்தை வாசலில் புதிய விளக்குக் கம்பத்தின் கீழே தடிக்காரன் மூட்டையைக் கிழித்து மூன்றாகப் பிரித்தான். தராசுத் தட்டில் கிடந்த படிக்கல்லின் மேல் என் கை போனது.

அண்ணன் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். "வேணாண்டா. உங் கையாச்சும் மிஞ்சட்டும்."

மூன்று மூட்டைக்கும் சுங்கம் கட்டினேன்.