மண்ணூர் ஏரியில் ஒரு கோணிப்பை

நாற்பத்தேழு வயதில் வேலை போனால் பயம் மனிதனைக் கோமாளியாக்கும். "நாலு பேரோட பழகினாதான்யா வேலை கெடைக்கும்" என்று மனைவி சொன்னதும், ஞாயிறுதோறும் மண்ணூர் ஏரியைச் சுத்தம் செய்யும் இளம் பொறியாளர்களோடு போய்ச் சேர்ந்தேன். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் திருப்பிக் கொடுக்காத கம்பெனி அடையாள அட்டை. எங்கள் பக்கம் அந்த அட்டைக்குத்தான் மரியாதை.

அதைப் பார்த்ததும் ஒரு தூத்துக்குடி இளைஞன் என் குப்பைக் கோணியை வாங்கிக்கொண்டான். "குடுங்கண்ணே, நான் தூக்குதேன்."

அவன் பனியனில் கார் கம்பெனி பெயர் இருந்தது. விடுவேனா? டீ வாங்கிக் கொடுத்து, அவன் சொன்ன கடி ஜோக்குக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தேன்.

டீ முடிந்ததும் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, உங்க கம்பெனில ஆள் எடுக்காங்களா? எனக்கு வேல போயிட்டு."

"எனக்கும்தாம்பா. உன்னாண்ட கேக்கலாம்னுதான் டீயே வாங்கிக் குடுத்தேன்."

அவன் கோணியை மெல்லக் கீழே வைத்தான். சற்றுத் தள்ளி, கழுத்தில் அட்டை தொங்கக் குனிந்திருந்த இன்னொருவரிடம் போய், "குடுங்கண்ணே" என்றான்.

அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர் எந்தக் கம்பெனி என்று தெரிந்துகொள்ள நானும் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன்.