பெர்த்திலிருந்து தினம் ஒரு வருகை

மலாக்கா காஜா பேராங்கில் ராஜரத்தினத்தைப் போல ஓர் அழுத்தக்காரரைப் பார்ப்பது கஷ்டம். பக்கத்துச் செங் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவில் இருபது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி சிவகாமசுந்தரி போன பிறகு வீட்டில் தனி ஆள். ஊர்த் தமிழர் சங்கத்தின் இணையதளத்தை ஓட்டும் சர்வர் அவர் வீட்டு முன்னறையில்தான் இருந்தது. சம்பளமில்லாத வேலை, ஆனால் அதில் யாராவது குறை சொன்னால் மனிதருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அதில் ஓடியது திறந்த மூல மென்பொருள். உலகத்தில் யார் யாரோ கூடி எழுதி இலவசமாகக் கொடுப்பது. ஓட்டை தெரிந்தால் அடைத்துப் புதுப் பதிப்பு விடுவார்கள். நாம் அதை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. ராஜரத்தினம் ஆறு வருடமாகப் போடவில்லை.

சங்கச் செயலாளர் சேதுராமன் வாரம் தவறாமல் வந்து கெஞ்சினார். "அண்ணே, மெம்பர் எல்லாரோட அடையாள அட்டை ஐசி நம்பரும் அதுலதான் இருக்கு. சர்வர் வேற அடிக்கடி படுத்துக்குது. புதுசு போட்டுருங்கண்ணே."

"பாக்கலாம் லா," என்பார் இவர்.

காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

மகள் மல்லிகா ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறாள். தாய் இறந்த அன்று அவள் விமானம் தாமதம். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று சுற்றி நின்றவர்கள் சொல்ல, இவரும் தலையாட்டிவிட்டார். மல்லிகா வந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். "அம்மா முகத்தக்கூட எனக்குக் காட்டலியே," என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை. அவரும் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவார்?

அதற்குப் பதிலாக, சிவகாமசுந்தரியின் படத்தை ஒரு பக்கமாகச் செய்து, கீழே இரண்டு வரி எழுத ஒரு கட்டமும் வைத்து, அந்தச் சர்வரில் ஏற்றினார். மகளுக்கு மின்னஞ்சலில் முகவரி அனுப்பினார். பதில் இல்லை. ஆனால் பத்து நாள் கழித்து, பக்கத்தைப் பார்த்தவர்களின் வருகைப் பதிவில் பெர்த்திலிருந்து ஒருவர். மாலை ஏழு மணி. மறுநாளும் அதே ஏழு மணி. பெர்த்துக்கும் மலாக்காவுக்கும் ஒரே நேரம். ஏழு மணி, வீட்டில் விளக்கேற்றும் நேரம். வேறென்ன வேண்டும்? விளக்கை ஏற்றிவிட்டு மகள் அம்மாவைப் பார்க்க வருகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். ஒரு வரி எழுத மாட்டேன் என்கிறாள், கோபம் தீரவில்லை, வருகிறாளே, அது போதும். தினமும் அந்தப் பதிவைப் பார்த்த பிறகுதான் சோறு. புதுப் பதிப்பு போட்டுப் பழைய பக்கம் ஓடாமல் போய்விட்டால்? அவள் வந்து பார்த்து, அம்மா இல்லையென்றால்? அந்தப் பயம்தான் அவருக்கு.

கடைசியில் சர்வர் ஒரே வாரத்தில் மூன்று தரம் படுத்தது. சேதுராமன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். சனிக்கிழமை காலை, மனதைக் கல்லாக்கிக்கொண்டு, எல்லாவற்றையும் நகலெடுத்து வைத்துவிட்டு ராஜரத்தினம் புதுப் பதிப்பைப் போட்டார். பக்கம் ஓடியது. இதற்கா ஆறு வருடம் பயந்தோம் என்று அவருக்கே சிரிப்பு வந்தது.

ஏழு மணிக்குப் பெர்த் வருகையும் வந்தது. புதுப் பதிப்பு உள்ளே விடவில்லை. பழையது, யார் வந்தார் என்று மட்டும் எழுதும். இது, வந்தவர் என்ன கொண்டுவந்தார் என்பதையும் எழுதியிருந்தது. அந்தக் கட்டத்துக்குள் திணிக்க ஒரு பக்கம் நிறையத் திருட்டுக் கட்டளைகள். வந்தது மனிதரே இல்லை. பெர்த்தில் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் தொற்றிக்கொண்டு, ஓட்டை தேடித் தினமும் ஒரே நேரத்துக்குக் கதவைத் தட்டும் நிரல். சர்வர் படுத்ததும் அதனால்தான். இருபது வருடம் இதே வேலை பார்த்தவருக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துகொள்ள மனமில்லை, அவ்வளவுதான்.

அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை போனை எடுத்து, ஆறு வருடமாகத் தொடாத எண்ணை அழுத்தினார்.

"அப்பா?" என்றாள் மல்லிகா.

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ஆறு வருஷம்பா. ஒரு தடவ கூப்பிட்டிருந்தா நான் எடுத்திருக்க மாட்டேனா?" அவள் குரல் உடைந்தது. "ஏம்பா கூப்பிடல?"

"நீதான் தெனமும் வந்துக்கிட்டிருந்தியேம்மா."

"நான் எங்கப்பா வந்தேன்?"