கோப்பை நகர்ந்தது மூன்றடி

குழாய் வேலைக்கு வந்தவர் ஒரு பெண். தோளில் கருவிப் பையோடு வந்தவரிடம் வாயிற்காவலர், ஆம்பிளை யாரும் வரலையா என்று கேட்டிருக்கிறார். “பையில மடிச்சு வச்சிருக்கேன், மேல போய் எடுத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு மூன்று மாடி ஏறி வந்தார். வேலையாட்கள் லிஃப்டில் ஏறக் கூடாதென்பது எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் விதி. காரணம் கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை. காரணம் இருந்தால்தானே பதில் வரும்.

விபத்துக்குப் பிறகு என் அக்காவுக்குச் சக்கர நாற்காலிதான். இடது கையும் பாதிதான் வேலை செய்யும். கழிப்பறைக் கோப்பை மூலையில் சுவரோடு ஒட்டிக் கிடந்ததால் நாற்காலி பக்கத்தில் போகாது. ஒவ்வொரு தடவையும் நான்தான் தூக்கி உட்கார வைக்க வேண்டும். ஐம்பது வயதில் இதற்குத் தம்பியைக் கூப்பிடுவதா என்று அவள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்து படுத்துவிட்டாள்.

முன்பு வந்த இரண்டு ஒப்பந்தக்காரர்களும் ஒரே பாட்டைப் பாடினார்கள். கோப்பையை நகர்த்தினால் கழிவுக் குழாயும் நகரும், குழாய்க்குச் சரிவு வேண்டும், அதற்குத் தரையை அரை அடி உயர்த்தியே ஆக வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவளுக்குப் படி கட்டித்தரும் மேதைகள்.

நான் வரைந்து வைத்திருந்த படத்தை இந்த அம்மாவிடம் நீட்டினேன். அவர் அதை வாங்காமல் அக்காவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எந்தக் கையில் பலம், எந்தப் பக்கம் சரிந்து உட்கார வரும் என்றெல்லாம் கேட்டாராம். அரை மணி கழித்து வெளியே வந்தார்.

“சார், நீங்க வரைஞ்சது நீங்க நின்னு தூக்கறதுக்குத் தோதா இருக்கு. நாற்காலியில வந்தா கோப்பை அக்காவுக்கு வலது கைப்பக்கம் இருக்கணும். அப்புறம் நீங்க எதுக்கு?”

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அடுத்தவர் வாழ்க்கையை அவரைக் கேட்காமல் தீர்மானிப்பது அநியாயம் என்று மேடை மேடையாகப் பேசியவன் நான். சொந்த அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த அம்மாவின் கணவரும் இதே தொழில்தானாம். முதுகெலும்பு அடிபட்டுப் படுத்த படுக்கையான பிறகு, தன்னைக் கேட்காமல் தலையணையை நகர்த்தினால்கூடத் திட்டித் தீர்ப்பாராம். தொழிலையும் அவரிடம்தான் கற்றேன், திட்டையும் அவரிடம்தான் கற்றேன் என்று சிரித்தார்.

அவர் தரையைத் தொடவே இல்லை. கழிவு பின்பக்கமாக வெளியேறும் கோப்பையாக வாங்கச் சொன்னார். அதை மூலையிலிருந்து மூன்றடி தள்ளி வைத்து, நாலு அங்குலக் குழாயைத் தரைக்கு மேலேயே பின்சுவரை ஒட்டிச் சரிவாக ஓடவிட்டு, பழைய மூலையில் இருந்த செங்குத்துக் குழாயில் சேர்த்தார். சட்டென்று திரும்பும் இடத்தில்தான் அடைக்கும் என்று, திருப்பத்தில் ஒரே வளைவுக்குப் பதில் இரண்டு அரை வளைவுகள். குழாயை மூடி ஓடு பதித்ததும் சோப்பு வைக்க ஒரு மேடையும் கிடைத்தது.

கடைசியில், எங்காவது அடைக்கிறதா என்று பார்க்க, நனைத்த காகித உருண்டைகள் ஆறைப் போட்டுத் தண்ணீர் விட்டார். கீழே அந்தச் செங்குத்துக் குழாய் வந்து விழும் தொட்டியின் மூடியைத் திறந்து, குந்தி உட்கார்ந்து எண்ணும் வேலை எனக்கு. படித்த படிப்புக்கு ஏற்ற உத்தியோகம் என்று அக்கா கிண்டலடித்தாள். ஆறும் வந்தன.

எத்தனையோ அறிஞர்களுக்கு நன்றி சொல்லிக் கட்டுரை எழுதியிருக்கிறேன். அன்று அந்த அம்மாவின் எதிரில் கைகூப்பினேன். அவருக்குக் கூச்சமாகிவிட்டது; சிமெண்ட் காயட்டும், நாளை மறுநாள் வரை பொறுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்ன நாள் காலையில் அக்கா தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் வெளியே கதவருகிலேயே நின்றேன்.

“டேய், அங்க நிக்காதே. போய் உன் வேலையைப் பாரு.”

போனேன்.