மாமனார் படித்த மூடல் அறிவிப்பு

ராசிபுரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அலெக்ஸிடம், உன்னைப் போல் ஒரு கிறுக்கன் உண்டாடா என்று யாராவது கேட்டால் கோபப்பட மாட்டான். "ராசிபுரம் லிமிட்டுக்குள்ள கிடையாதுங்க" என்று பணிவாகப் பதில் சொல்வான். கடை அவன் வயிற்றுக்கு. மனசுக்கு மைனா இருந்தது.

மைனா என்பது விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட வைக்கிற, லினக்ஸ் வகையைச் சேர்ந்த இலவச சிஸ்டம். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவர்களும் பயமில்லாமல் பழகட்டும் என்று எந்தெந்த நாட்டிலோ இருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து செய்தது. அதன் திரையில் வருகிற தமிழெல்லாம் அலெக்ஸ் எழுதியது. "கொஞ்சம் பொறுங்க, வேலை நடக்குது" என்று அது சொல்லும். சம்பளமில்லாத வேலை. உலகத் தமிழருக்கே தொண்டு செய்கிறோம் என்ற நினைப்பு அவனுக்கு. உலகத் தமிழர் யாரும் அவனைச் சீண்டவில்லை. விண்டோஸுக்குக் காசு கொடுக்க மனசில்லாமல் அவன் கடையில் மாட்டிக்கொண்டவர்கள்தான் மைனாவின் மொத்தத் தமிழ் ரசிகர்கள்.

இப்பேர்ப்பட்டவனுக்குப் பெண் பார்த்தார்கள். ஏற்கெனவே சில இடங்கள் தட்டிப்போயிருந்தன. ஆத்தூரில் தோமினிக் என்பவருடைய மகள் ஆன்சி. கல்யாணத் தரகர் ஜெர்ரியின் வாய்க்குப் பூட்டே கிடையாது. "மாப்பிள்ளைக்குக் கடை சும்மா சைடு. மெயின், மைனான்னு ஒரு வெளிநாட்டுக் கம்பெனி" என்று பெண் வீட்டில் அடித்து விட்டார். பக்கத்தில் இருந்த அலெக்ஸ் மறுக்கவில்லை. மைனாவைப் பற்றி ஒரு மனுஷர் முதல் முறையாக மரியாதையாகப் பேசுகிறார், குறுக்கே பேச அவனுக்கு மனம் வரவில்லை.

"அப்ப நம்ம வீட்டுக் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் பாருங்களேன் மாப்ள, ஆமை மாதிரி போவுது" என்றார் தோமினிக். வேறு எவனாக இருந்தாலும் சிரித்துச் சமாளித்திருப்பான். இவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஆன்சி காபித் தட்டோடு வந்தபோது மாப்பிள்ளை மேசைக்கடியில் ஒயரோடு கிடந்தான். அவள் பார்த்தது அவன் முதுகைத்தான். அவசரமாக எழுந்தவன் மேசையில் தலையை இடித்துக்கொண்டு "சாரிங்க" என்றான். சொன்னது அவளிடமா மேசையிடமா என்பது இன்றுவரை அவனுக்கே தெரியாது. கிளம்புவதற்குள் அந்தக் கம்ப்யூட்டரில் மைனாவை ஏற்றிவிட்டான். கம்ப்யூட்டரும் ஓடியது, சம்பந்தமும் கூடிவந்தது.

சர்ச்சில் இன்னாருக்கு இன்னார் என்று கல்யாண ஓலை வாசிக்க ஆரம்பித்த சமயத்தில் மைனா செத்தது. செய்துகொண்டிருந்தவர்களுக்குப் பிள்ளைகுட்டி, வேறு வேலை. இனி முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். மூடல் அறிவிப்பை அந்தந்த மொழியில் எழுத வேண்டுமே, தமிழுக்கு நீதானே என்றார்கள். அலெக்ஸ் எழுதினான். "இத்தனை காலம் எங்களோடு இருந்த உங்களுக்கு நன்றி. வருத்தத்தோடு மைனாவை மூடுகிறோம்." வழக்கம்போல் அடியில் தன் பெயரையும் ஊரையும் போட்டான். மைனா ஓடுகிற ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அந்த அறிவிப்பு தானாக வந்து நிற்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆத்தூரில் ஒன்று ஓடுகிறது என்பது மட்டும் அந்த மடையனுடைய ஞாபகத்துக்கு வரவில்லை.

மறுநாள் கடை திறக்கும்போதே தோமினிக் வாசலில் நின்றார். பின்னால் ஆன்சி. இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பில்லை. கல்யாணம் நின்றது என்று அலெக்ஸ் முடிவே கட்டிவிட்டான். ஸ்டூலை எடுத்துப் போட்டான்.

"கம்பெனியை மூடிட்டீங்களாமே மாப்ள. அடியில உங்க பேரு போட்டிருக்கு. முதலாளியே நீங்கதான்னு அந்த ஜெர்ரி சொல்லவேயில்ல பாருங்க. சரி, வேலை பார்த்தவங்களுக்கெல்லாம் செட்டில் பண்ணிட்டீங்களா?"

ஆமாங்க மாமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நொடித்துப்போன முதலாளியாகக் கௌரவமாகத் தாலி கட்டிவிடலாம். சபலம் தட்டத்தான் செய்தது. ஆனால் ஆன்சி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகைப் பார்த்தே சம்மதம் சொன்னவளிடம் முகத்துக்கு நேராகப் பொய் சொல்ல அவனால் முடியவில்லை.

"கம்பெனியே கிடையாதுங்க மாமா. நான் முதலாளியும் இல்லீங்க, அங்க வேலைக்காரனும் இல்லீங்க. சும்மா செஞ்சனுங்க. எனக்கு இந்தக் கடை ஒண்ணுதானுங்க."

தோமினிக் கடையைச் சுற்றிப் பார்த்தார். பிரித்துப் போட்ட பெட்டிகளும் தூசியும்தான் கடை.

"எத்தினி வருஷமா?"

"டிப்ளமா முடிச்சதுல இருந்துங்க."

"சம்பளமே இல்லாம?"

"ஆமாங்க."

"சரியான பைத்தியம்."

"அதுல சந்தேகமே வேண்டாமுங்க" என்று அலெக்ஸ் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. மைனா போனதை அவன் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள் என்று. கல்யாணமே கைநழுவுகிற நேரத்தில், அதுவும் மாமனார் முன்னால், ஒரு கம்ப்யூட்டர் சிஸ்டத்துக்காகத் தேம்பிக்கொண்டு நிற்கிறோமே என்று அவமானமாக இருந்தது. நிறுத்தத்தான் முடியவில்லை.

"அழுவுறவரைத் திட்டாதீங்கப்பா" என்றாள் ஆன்சி.

தோமினிக் அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார். "நான் வேலை பார்த்த ரைஸ் மில்லை மூடினப்ப எனக்குச் சோறு எறங்கல மாப்ள. அது சம்பளம் வாங்கின எடம். நீங்க வாங்காமயே ஒழைச்சிருக்கீங்க, வலிக்கத்தானே செய்யும். அழுங்க" என்றார்.

எழுந்து வாசல் வரை போனவர் திரும்பினார்.

"ஆனா கல்யாணத்துக்குள்ள அழுது முடிச்சிடுங்க. போட்டோவுல மூஞ்சி வீங்கித் தெரியும்."