பாணனுக்கு இடமில்லாத புத்தகம்

திருப்பூரில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு மாஸ்டர் மேல்தான் விழ வேண்டும். கட்டிங் மாஸ்டர், பேட்டர்ன் மாஸ்டர், டீ மாஸ்டர். எங்களுக்குக் கூடுதலாக ஒரு கதை மாஸ்டர் இருந்தார். வாரத்தில் ஆறு நாள் எங்கள் பனியன் கம்பெனியின் மெர்ச்சண்டைசிங் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சாம்பிள் ரூம் சாவியோடு வந்து, துணி வெட்டும் பெரிய மேசையைத் துடைத்து, அதன்மேல் எங்களுக்கு ஒரு ராஜ்யத்தையே விரித்துவிடுவார்.

அது என்ன விளையாட்டு என்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கி என் வாய் வலித்ததுதான் மிச்சம். சீட்டு இல்லை, தாயமும் இல்லை. ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இருப்போம். "முன்னால ஆறு ஓடுதுங்க. பாலத்துல காவல்காரன் நிக்கறான். என்னங்க பண்றீங்க?" என்பார் மாஸ்டர். என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும். விதிகளெல்லாம் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தில் இருந்தன. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்காக அதைப் பார்வையிட வந்த ஆள் ஒருவன், ஷிப்மெண்ட் தள்ளிப்போய் கெஸ்ட் ஹவுசில் சும்மா கிடந்தபோது எங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தான். போகும்போது புத்தகத்தையும் பகடைகளையும் மாஸ்டரிடமே விட்டுவிட்டுப் போனான்.

விளையாடியது மூன்று பேர். ஒருவர் பக்கத்து ஊர் மங்கலத்தில் தறி வைத்திருந்தவர். கம்பெனிக்கு வேலையாக வந்தவர் அப்படியே ஒட்டிக்கொண்டார். கதையில் அவர் மல்லன். இன்னொருவன் எம்ப்ராய்டரி டிசைன் போடுகிற இளைஞன், கதையில் மந்திரவாதி. மூன்றாவது ஆள் நான். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்த குவாலிட்டி செக்கர். கதையில் நான் பாணன். யாழ் ஒன்று வைத்திருப்பேன், ஊர் ஊராகப் பாடிப் பிழைப்பேன், வாய்தான் ஆயுதம்.

இதைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். வாரம் முழுக்க என் வாயால் எனக்கு வந்ததெல்லாம் வம்புதான். தையல் கோணல் என்றால் கோணல் என்பேன், ஓட்டை என்றால் ஓட்டை என்பேன். சூப்பர்வைசர்கள் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "இந்தத் தெக்கத்தி ஆளுங்களுக்கு வாய் எச்சுங்க" என்று என் காதுபடவே பேசுவார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதே வாய் எனக்குக் கதவுகளைத் திறந்துவிட்டது. அந்தப் பாலத்துக் காவல்காரனிடம் அவன் தாயைப் பற்றி நான் பேசிய பேச்சில், பகடையை உருட்டச் சொல்லக்கூட மறந்து மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போங்க சாமி, காவல்காரன் வழி உட்டுட்டானுங்க" என்றார். பாலத்தைத் தாண்டி, ஆற்றங்கரைச் சத்திரத்தில் விடிய விடியப் பாடினான் பாணன். அன்றைக்கு மண்ணரை வரைக்கும் தரையில் கால் பாவாமல் நடந்தேன். பாணன் எனக்கு வெறும் விளையாட்டுச் சாமானா? அந்த ஊரில் என்னை விரும்பி உட்காரச் சொன்ன ஒரே இடம் அவனுடைய இடம்தான்.

ஆறேழு வருஷம் இப்படியே ஓடியது. பிறகு, கரண்ட் கண்டபடி போக ஆரம்பித்த காலத்தில், அந்த விதிப் புத்தகத்தின் புதுப் பதிப்பு வந்தது. எவரையோ பிடித்து வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தார் மாஸ்டர். பளபளவென்று அட்டை. நாங்கள் ஒரு வாரம் மாற்றி மாற்றிப் படித்தோம்.

கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில்தான் உண்மையான அபிப்பிராயங்கள் வெளியே வந்தன. மங்கலத்துக்காரர் கொதித்தார். "முந்தியெல்லாம் கதவ ஒடைக்கோணும்னா என்ற ஆளு போயி ஒடைப்பானுங்க. இப்ப கட்டம் எண்ணிட்டு நிக்கோணுமாமா. இது என்னுங்க, பல்லாங்குழியா?" டிசைனர் அதற்கு மேல். முன்பு அவனுடைய மந்திரம் ஒருமுறை விட்டால் போயிற்று, மறுநாள்தான் திரும்ப வரும். அதனால் எப்போது விடுவது என்று நகத்தைக் கடித்துக்கொண்டே இருப்பான். இப்போது ஒரு சின்னத் தீப்பொறியை எத்தனை முறை வேண்டுமானாலும் விடலாம். "மெசின் மாதிரி தட்டிட்டே இருக்கலாமுங்ண்ணா. அதுல என்னங்ண்ணா மந்திரம் இருக்குது?" என்றான். மல்லன், மந்திரவாதி, திருடன் எல்லோருக்கும் ஒரே மாதிரி வித்தைகளைப் பங்கு வைத்திருந்தார்கள். ஃப்ரீ சைஸ் பனியன் தைத்தது போல. நியாயமாகச் சொன்னால், மந்திரம் தீர்ந்த மந்திரவாதி சும்மா உட்கார்ந்து கொட்டாவி விடும் பழைய குறையை அந்தப் புத்தகம் சரிசெய்திருந்தது. அதையும் நான்தான் சொன்னேன். அவர்கள் இருவரும் அதைக்கூட ஒப்புக்கொள்ளவில்லை.

எனக்கு வந்த அடி வேறு. அந்தப் புத்தகத்தில் பாணனே இல்லை.

அடுத்த ஞாயிறு மாஸ்டர் மேசைமேல் கட்டம் போட்ட தாள்களை ஒட்டி வைத்திருந்தார். ஒவ்வொருவருக்கும் அவரவர் ஆயுதமும் வித்தையும் எழுதிய ஒரு சீட்டு, ஒரு பட்டன். அதைத்தான் கட்டங்களில் நகர்த்த வேண்டும். எனக்கு நீலப் பட்டன் ஒன்றைத் தள்ளினார். "பாணர் இந்த புக்குல வரலீங்க. அடுத்த புக்குல வருவாராமா. அதுவரைக்கும் கத்தி வீரனா வெச்சுக்கலாமுங்களா?" என்றார், கல்யாணத்துக்கு அழைப்பவரைப் போல அத்தனை தணிவாக. நான் பல்லைக் கடித்துக்கொண்டு விளையாடினேன். மூன்று மணி நேரம் ஒரே சண்டை. யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டன்கள்தான் நகர்ந்தன.

முடிந்ததும் மாஸ்டர் கேட்டார். "எப்படீங்க இருக்குது புதுசு? மனசுல பட்டதச் சொல்லுங்க."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பையர் எவ்வளவு கேவலமான டிசைன் அனுப்பினாலும் "ரொம்ப நல்லா இருக்கு" என்றுதான் பதில் போகும். திட்டுவதெல்லாம் டீக்கடையில். அந்த வழக்கம் இந்த மேசைக்கும் வரும் என்று நான் நினைக்கவில்லை.

"நல்லாத்தானுங்க இருக்குது" என்றார் மங்கலத்துக்காரர்.

"சூப்பருங்க சார்" என்றான் டிசைனர்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்னத்த சூப்பர்? சவத்தத் தூக்கிக் குப்பையில போடுங்க சார்! பேச்சு இல்ல, கதை இல்ல, மூணு மணி நேரமா பட்டன் நகத்துதோம். இதுக்கு பட்டன் செக்சன்ல வேலைக்குப் போலாமே!" என்று கத்தினேன். அதோடு விட்டேனா? இவர்கள் பக்கம் திரும்பினேன். "டீக்கடையில என்ன சொன்னிய? பல்லாங்குழின்னு சொல்லல? மெசின் மாதிரி தட்டுதேன்னு சொல்லல? இப்ப சொல்லுங்களேன்!"

டிசைனர் பகடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மங்கலத்துக்காரர் கழுத்துத் துண்டை மடித்து மடித்து வைத்தார். பிறகு மாஸ்டரைப் பார்த்து, "நான் அப்பிடி ஒண்ணுஞ் சொல்லலீங்களே" என்றார்.

அடப்பாவி! முகத்துக்கு நேரே சொன்னார். இன்றைக்கும் அந்த வாக்கியம் நினைவுக்கு வந்தால் எனக்கு டீ கசக்கும்.

மாஸ்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். "போச்சாதுங்க, போச்சாதுங்க" என்று, போனால் போகட்டும் என்பதுபோல் புத்தகத்தை மூடினார். "உங்களுக்கும் வேலை சாஸ்தி. சித்த நாளைக்கு ரெஸ்ட் எடுத்துக்குங்க. நானே கூப்புடறனுங்க."

கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் லைன் வீட்டில் மல்லாந்து படுத்து, பக்கத்து வீட்டு டிவிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். எந்த ஊரை நினைத்துச் சொன்னார்களோ! உள்ளதைச் சொன்னால் நொள்ளைக் கண்ணனுக்கு நோப்பாளம், அது மட்டும்தான் எனக்குப் பலித்தது.

கொஞ்ச நாள் கழித்து டிசைனர் டீக்கடையில் தானாக வந்து பக்கத்தில் நின்றான். நான் கேட்காமலே சொன்னான். நான் போன அடுத்த வாரம் என் நீலப் பட்டனையும் சேர்த்துத்தான் விளையாடினார்களாம். ஆள் இல்லையே, பாவம் பாணன் தனியாக நிற்கிறானே என்று மங்கலத்துக்காரர்தான் அவனை நகர்த்தினாராம். கத்தி வீரனாயிற்றே என்று முன்வரிசையில் நிறுத்தி, முதல் சண்டையிலேயே சாகக் கொடுத்துவிட்டார். பட்டனை எடுத்து டப்பாவில் போட்டாயிற்று. அதற்குப் பிறகு ஆளுக்கொரு கல்யாணம், காதுகுத்து என்று சாக்குச் சொல்லி, மேசையே நின்றுபோயிற்று.

"அவன் யாழையாவது எடுத்தானா?" என்று கேட்டேன்.

"இல்லீங்ண்ணா. அந்தச் சீட்டுல யாழ் இல்லீங்களே" என்றான்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். பொத்தானுக்காகவா அழுவார்கள் என்று கேட்பீர்கள். ஆமாம், அழுதேன்.

அந்தக் கம்பெனியை விட்டு வேறு கம்பெனிக்குப் போய் இரண்டு வருஷம் இருக்கும். தாராபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே பக்கத்தில் பார்த்தால், மாஸ்டர். முடி நன்றாக நரைத்திருந்தது. "நல்லா இருக்கறீங்களா சாமி? ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்று விசாரித்தார். சோறு போட்டு, சாம்பார் வந்து, ரசமும் வந்த பிறகு, இலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அந்தப் புது புக்கு எனக்கே புடிக்கலீங்க."

"அப்புறம் ஏன் சார் அதைக் கொண்டுவந்திய?"

"வாங்கறதுக்கு முந்தி அட்டைப் படத்தக் காட்டினப்ப அந்த டிசைனர் கண்ணு சூப்பருங்கன்னு சொல்லுச்சு. மங்கலத்தாரும் தலைய ஆட்டினாரு. செரி, எல்லாரும் ஆசைப்படறாங்க, நாம எதுக்கு வேண்டாங்கோணும்னு உட்டுட்டனுங்க."

ஆக, நான்கு பேரில் ஒருவருக்கும் பிடிக்காத ஒரு புத்தகத்துக்காக, பிடிக்கவில்லை என்று சொன்ன ஒருத்தனை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். மரியாதையாக. அந்த இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்து, பந்தி முழுக்கக் கேட்கும்படி நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வேறு கேள்விதான் வந்தது.

"பாணன் என்ன ஆனான் சார்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். டிசைனர் என்னிடம் சொல்லிவிட்டான் என்பது அவருக்குத் தெரியாது. சோற்றைப் பிசைந்தார்.

"நல்லா இருக்காருங்க" என்றார். "அந்த ஆத்தங்கரைச் சத்திரத்துலதான் உட்டுட்டு வந்தோம். இன்னும் அங்கதான் பாடிட்டு இருக்காருங்க."

எதிர் வரிசையில் மோர் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். நான் கையைக் குவித்து மோரை வாங்கிக் குடித்தேன். பிறகு வாழ்க்கையில் முதல் தடவையாக, திருப்பூர்க்காரனைப் போலவே சொன்னேன்.

"ரொம்ப சந்தோசமுங்க."