அத்தை வண்டியில் வந்த வாசல் நிலை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே எங்கள் தோட்டத்தில் அப்பா புது வீடு கட்டினார். அதன் வாசலுக்கு அவர் எடுத்துவைத்தது ஊரில் ஒருவரும் தொடத் துணியாத மரம். பெருந்துறைப் பக்கம் அத்தை வாழ்க்கைப்பட்ட வீட்டின் வாசல் நிலை அது. பிளேக்கில் அந்த வீட்டில் அத்தையைத் தவிர எல்லோரும் போய்விட்டார்கள். தங்கையை அழைத்துவந்தபோது, உருப்படியாக மிஞ்சியிருந்த அந்தத் தேக்கு நிலையையும் அப்பா அதே வண்டியில் ஏற்றிவந்தார். அத்தைக்கு வீட்டில் இடம் கிடைத்தது. நிலை சில வருஷம் கட்டுத்தரையில் மாடுகளோடு கிடந்தது.

குடி கெட்ட வீட்டு நிலையை வைத்தால் வைத்தவர் குடியும் கெடும் என்பது பெரியப்பாவின் உறுதி. தம்பி கேட்கமாட்டான் என்று தெரிந்ததும் காவலுக்கு ஏற்பாடு செய்தார். எலுமிச்சை, மிளகாய், படிகாரம், லாடம், தலைகீழாகக் கற்றாழை எல்லாம் நிலையில் ஏறின. பூசணிக்காயை எந்தப் பக்கம் கட்டுவது என்பதில்தான் அவருக்கும் ஆசாரிக்கும் தகராறு. கேடு வெளியிலிருந்து வருமென்றால் வாசலுக்கு முன்னால் கட்டலாம். வாசலே கேடு என்றால்? கடைசியில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று முடிவாயிற்று.

இதையெல்லாம் அத்தை கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நிலை வைக்கிற காலையில் துணி மூட்டையோடு வந்து நின்றாள். போத்தனூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டோடு இருந்துகொள்வதாகச் சொன்னாள். எங்கள் பக்கம் ‘என்னுடைய’ என்பதை ‘என்ற’ என்போம், நிலையை நெலவு என்போம். அண்ணன் மனைவியை நங்கையா என்போம்.

“என்ற நெலவு ஆகாதுன்னா நானும் ஆகாதுங்க, நங்கையா.”

அம்மா மூட்டையை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, மஞ்சள் குழைத்த கிண்ணத்தை அத்தையிடம் நீட்டினாள். நிலைக்கு மஞ்சள் பூசுவது சுமங்கலிகளின் வேலை. கூடியிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெரியப்பா தம்பி மனைவியிடம் நேராகப் பேசமாட்டார். எதிரில் நின்றாலும் அப்பா வழியாகத்தான்.

“ஏப்பா, தாலியறுத்தவ கையில மஞ்சளான்னு கேளு.”

அம்மாவும் அப்பாவைப் பார்த்தே சொன்னாள்: “உங்க அண்ணனுக்குச் சொல்லுங்க. அம்மணி வந்ததுக்கப்புறந்தான் பருத்தி வெளஞ்சுது, இந்த ஊடு எந்திரிச்சுது. கேடு எங்கெ இருக்குதுன்னு அவுரே காட்டட்டுங்க.”

அப்பா யார் சொன்னதையும் யாருக்கும் எடுத்துச் சொல்லவில்லை. பூசணிக்காய்கள் இரண்டையும் அவிழ்த்து, வெட்டி, மாட்டுக்குப் போட்டார்.

அத்தை மஞ்சளைக் கையில் எடுத்தாள். கட்டுத்தரை அழுக்குப் போக முதலில் தண்ணீர்விட்டுக் கழுவியபோது, நிலையின் உச்சியில் எதிரெதிராக இரண்டு கிளிகள் தெரிந்தன. மூக்கும் இறகும் அப்படியே இருந்தன. எங்கள் ஊரில் வேறு எந்த வாசலிலும் கிளி கிடையாது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தடத்தில் போனவர்களையெல்லாம் இழுத்துவந்து காட்டினேன்.

வந்தவர்கள் ஒருவர்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. மஞ்சள் கையோடு நின்ற அத்தையையும், மூட்டையை இறக்காமல் அவள் பக்கத்தில் நின்ற அம்மாவையும் பார்த்தபடி பேச்சற்று நின்றார்கள். கிளிகளின் அழகில்தான் வாயடைத்துப்போனார்கள் என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.